"எல்லாம் நார்மல்" என்கிறார்கள், வலி மட்டும் போகவில்லை

வாசகர் கேள்வி

எனக்கு 33 வயது. சேலத்தில், தெருவுக்குத் தெரு கொலுசுப் பட்டறை இருக்கும் பகுதியில் குடியிருக்கிறோம். நான் வீட்டிலிருந்தே கொலுசுக்குச் சலங்கை வைத்துக் கொடுக்கிறேன். ஒன்றரை ஆண்டாகத் தலைவலி, கிறுகிறுப்பு, வயிற்றெரிச்சல், அடிவயிற்று வலி. தூக்கம் இல்லை. மூன்று டாக்டர்களிடம் காட்டிவிட்டேன். தலைக்கு ஸ்கேன், வயிற்றுக்கு ஸ்கேன், இரத்தப் பரிசோதனை எல்லாம் நார்மல். மெடிக்கலில் வலி மாத்திரை வாங்கித் தினமும் போடுகிறேன். கை நடுங்குவதால் சலங்கை கோணலாக விழுகிறது, பட்டறைக்காரர் கூலியைப் பிடிக்கிறார்.

என் கணவர் குடித்துவிட்டு வந்தால் அடிப்பார். சுவரில் தலையை மோதியிருக்கிறார். ஆடியில் ஒருமுறையும் தீபாவளிக்கு முன் ஒருமுறையும் கழுத்தை நெரித்தார். இரண்டாவது முறை கண் இருட்டிக் கீழே விழுந்துவிட்டேன், ஒரு வாரம் தொண்டை கம்மியிருந்தது. இதை எந்த டாக்டரிடமும் சொல்லவில்லை, எப்போதும் அவர்தான் கூட வருவார். குடிக்காத நாளில் நல்லவர். நான் நடிக்கிறேன் என்று அவரும் மாமியாரும் சொல்கிறார்கள். எனக்கே அப்படித்தானோ என்று சந்தேகமாக இருக்கிறது. இரண்டு பெண் குழந்தைகள். வீடு மாமியார் பெயரில். அம்மா வீடு ஏற்காட்டுக்கு மேலே ஒரு மலைக் கிராமத்தில். விட்டுவிட்டு வா என்று மட்டும் சொல்லாதீர்கள். இந்த வலிக்கும் அந்த அடிக்கும் சம்பந்தம் உண்டா? பெரியவள் மறுபடி படுக்கையில் சிறுநீர் கழிக்கிறாள், அதற்கும் ஒரு மருந்து சொல்லுங்கள். பிள்ளைகளுக்கு வீட்டில் நடப்பது தெரியாது, அந்நேரம் தூங்கியிருப்பார்கள்.

(பெயர் வேண்டாம், சேலம்)

மருத்துவர் பதில்

அன்புள்ள சகோதரிக்கு,

சம்பந்தம் உண்டு. நீங்கள் எழுதிய ஒவ்வொரு தொந்தரவுக்கும் உடலில் ஒரு காரணம் இருக்கிறது, அவற்றில் பெரும்பாலானவற்றுக்குச் சிகிச்சையும் இருக்கிறது. அந்தச் சிகிச்சையைத் தொடங்குவதற்கு, கணவரோடு இருப்பதா வேண்டாமா என்ற முடிவை நீங்கள் இன்று எடுத்தாக வேண்டியதில்லை. வீட்டைவிட்டு வரச் சொல்லாதீர்கள் என்று கேட்டிருக்கிறீர்கள், நான் சொல்லப்போவதில்லை. ஆனால் கடிதத்தில் ஒரே வரியில் எழுதிவிட்டுக் கடந்துபோன ஒன்றைப் பற்றித்தான் முதலில் பேச வேண்டியிருக்கிறது. அது கழுத்து.

கழுத்தின் இரு பக்கமும் மூளைக்கு இரத்தம் கொண்டுபோகும் தமனிகள் தோலுக்கு அதிக ஆழமில்லாமல் ஓடுகின்றன. அவற்றை அழுத்திப் பிடித்தால் பத்துப் பதினைந்து நொடிகளுக்குள் நினைவு தப்பிவிடும். கண் இருட்டி விழுந்தேன் என்று நீங்கள் எழுதியிருப்பது, உங்கள் மூளைக்குப் போதிய இரத்தமும் பிராணவாயுவும் போகாமல் இருந்த நேரம். தொண்டை ஒரு வாரம் கம்மியிருந்தது என்பது குரல்வளையும் அடிபட்டது என்பதற்கான அடையாளம். கழுத்து நெரிக்கப்பட்ட பெண்களில் பலருக்கு வெளியே ஒரு கீறல்கூட இருக்காது. அதனால் பார்ப்பவர்கள் நம்புவதில்லை, நாளடைவில் பட்டவரே அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. உள்ளே தமனியின் சுவர் கிழிந்திருந்தால் அங்கே இரத்தம் உறைந்து, சில நாட்களோ சில வாரங்களோ கழித்துப் பக்கவாதமாக வெளிப்படலாம். முப்பது வயதுப் பெண்ணுக்கும் இது வரும். உங்களுக்கு இதுவரை கை கால் வலுவிழக்கவில்லை, பேச்சுக் குழறவில்லை என்றால் அந்த உடனடி ஆபத்தைப் பெரும்பாலும் தாண்டிவிட்டீர்கள் என்று கொள்ளலாம். ஆனாலும் நரம்பியல் பரிசோதனையும், தேவைப்பட்டால் கழுத்து இரத்தக்குழாய்களுக்கான ஸ்கேனும் வேண்டுமா என்பதை நேரில் பார்க்கும் மருத்துவர் தீர்மானிக்க வேண்டும். இதுவரை எடுத்த ஸ்கேன் தலைக்குத்தான் எடுக்கப்பட்டது, கழுத்தைப் பற்றி அவர்களிடம் யாருமே சொல்லவில்லை.

இதில் இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். கணவரால் கழுத்து நெரிக்கப்பட்ட பெண்கள் பின்னாளில் அதே கையால் கொல்லப்படும் ஆபத்து, மற்ற வகையில் அடிபட்டவர்களைவிடப் பல மடங்கு அதிகம் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. உங்களைப் பயமுறுத்துவதற்காக இதை எழுதவில்லை. ஓர் அறை வாங்கிய நாளையும் கழுத்தில் கை வைக்கப்பட்ட நாளையும் ஒரே கணக்கில் வைக்காதீர்கள் என்பதற்காகவே எழுதுகிறேன். இனி ஒருமுறை அது நடந்தால், வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும், அன்றைக்கே 108-ஐ அழைத்து அரசு மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். மூச்சு வாங்குதல், விழுங்க முடியாமை, முகம் ஒரு பக்கம் கோணுதல், ஒரு கை தளர்தல் இவற்றில் எது தென்பட்டாலும் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

அடுத்து தலைவலி. சுவரில் மோதும்போது மண்டைக்குள் மூளை குலுங்குகிறது. அந்தக் குலுக்கத்தால் நரம்பிழைகளின் செயல்பாடு குலைகிறதே தவிர, பெரும்பாலும் இரத்தக்கசிவு ஏற்படுவதில்லை. சாதாரண சி.டி. ஸ்கேன் தேடுவது இரத்தக்கசிவையும் எலும்பு முறிவையும்தான். ஆகவே ஸ்கேன் நார்மல் என்றால் கசிவு இல்லை, முறிவு இல்லை என்று அர்த்தம். தலையில் அடிபடவில்லை என்று அர்த்தமில்லை. பலமுறை இப்படிக் குலுங்கிய தலையில் வலி, கிறுகிறுப்பு, வெளிச்சம் கூசுதல், வைத்த பொருளை மறத்தல், ஒரு வேலையில் மனம் நிற்காமை எல்லாம் மாதக்கணக்கில் நீடிக்கும். உங்கள் மூன்று டாக்டர்களும் அலட்சியமாகப் பார்த்தார்கள் என்று நான் சொல்லமாட்டேன். அடிபட்ட தலை என்ற ஒரே தகவல் இல்லாமல் அவர்கள் ஒற்றைத் தலைவலியையும் கண் பார்வையையும் தேடியிருப்பார்கள். அதே சமயம், கூட வந்தவரைச் சற்று வெளியே இருக்கச் சொல்லிவிட்டு நோயாளியிடம் தனியாக ஒரு நிமிடம் பேசுவது எங்கள் வேலை. உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதலும் அதைத்தான் வலியுறுத்துகிறது. நெரிசலான ஓ.பி.யில் அது பல நேரம் நடப்பதில்லை. கணவர் நாற்காலியின் முனையில் உட்கார்ந்து, "இவளுக்கு எப்பப் பார்த்தாலும் தலைவலிதான் டாக்டர்" என்று அவரே நோயைச் சொல்லி முடித்துவிட, மனைவி தலையை மட்டும் ஆட்டுவாள். சீட்டில் "தலைவலி, இரத்த அழுத்தம் இயல்பு" என்று எழுதப்படும்.

வயிற்றெரிச்சலுக்கும் நீங்கள் தினமும் போடும் மாத்திரைக்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது. வலி மாத்திரைகளில் பல இரைப்பையின் உட்சுவரை அரித்துப் புண்ணாக்கும், வெறும் வயிற்றில் போட்டால் இன்னும் வேகமாக. சண்டை நடந்த இரவில் சாப்பிடாமல் படுத்து, காலையில் வெறும் டீயோடு மாத்திரை போட்டுக்கொண்டு வேலைக்கு உட்காரும் பெண்களை நான் நிறையப் பார்க்கிறேன். நீங்களும் அப்படித்தானா என்று எண்ணிப் பாருங்கள். மாதத்தில் பத்துப் பதினைந்து நாட்களுக்கு மேல், மாதக்கணக்கில் வலி மாத்திரை போட்டால் அந்த மாத்திரையே தலைவலியைத் தினசரி வரவழைக்கும். இதை மருத்துவர் மேற்பார்வையில் நிறுத்த வேண்டும். நிறுத்திய முதல் சில நாட்கள் வலி கூடும், பிறகு குறையும். மலம் தார் போலக் கறுத்தாலோ வாந்தியில் இரத்தம் வந்தாலோ அது அவசரம். இரத்தசோகை இருக்கிறதா என்று ஹீமோகுளோபினையும் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள், தமிழ்நாட்டில் பாதிக்கும் மேற்பட்ட பெண்களுக்கு அது இருக்கிறது.

அடிவயிற்று வலியைப் பற்றி எழுதும்போது உங்களுக்குக் கூச்சமாக இருந்திருக்கும். விருப்பமில்லாத நாளிலும் உடலுறவுக்குக் கட்டாயப்படுத்தப்படுகிறீர்களா என்று நான் கேட்காமல் இருக்க முடியாது. அப்படி இருந்தால் அடிவயிற்றில் தொடர்ந்த வலி, சிறுநீர்த் தொற்று, வெள்ளைப்படுதல், எண்ணாத நேரத்தில் கர்ப்பம் ஆகியவை அதன் விளைவுகளாக வரலாம். வயிற்று ஸ்கேனில் இவற்றில் பலவும் தெரியாது. பெண் மருத்துவர் ஒருவரிடம் உள்பரிசோதனை செய்துகொள்ளுங்கள். அரசு மருத்துவமனைகளில் உள்ள நம்பிக்கை மையத்தில் எச்.ஐ.வி. பரிசோதனை இலவசம், விவரம் வெளியே போகாது. கருத்தடைக்கு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் அந்தரா ஊசி அரசு மருத்துவமனைகளில் கிடைக்கிறது, வீட்டில் ஒளித்து வைக்க மாத்திரை அட்டை எதுவும் இருக்காது. இப்போது கர்ப்பம் இருக்கலாம் என்ற ஐயம் சிறிதளவு இருந்தாலும் உடனே பரிசோதியுங்கள். கர்ப்ப காலத்தில் வயிற்றில் விழும் அடி நஞ்சுக்கொடியைப் பிரித்துத் தாயையும் குழந்தையையும் ஒருசேர ஆபத்தில் தள்ளும். குறைப்பிரசவத்துக்கும் எடை குறைந்த குழந்தைக்கும் அது காரணமாகிறது.

கை நடுக்கமும் தூக்கமின்மையும் எங்கிருந்து வருகின்றன என்று பார்ப்போம். ஆபத்து வந்தால் உடம்பு அட்ரினலின், கார்டிசால் ஆகிய சுரப்புகளை இரத்தத்தில் கலக்கும். இதயம் வேகமாக அடிக்கும், தசை இறுகும், செரிமானம் பின்தங்கும், காது கூர்மையாகும். ஆபத்து கடந்ததும் இவையெல்லாம் அடங்கிவிட வேண்டும். தினமும் இரவு ஒன்பது மணியானால் வண்டிச் சத்தத்துக்குக் காது கொடுத்து, இன்று கேட்டை எப்படித் திறக்கிறார், செருப்பை எப்படிக் கழற்றுகிறார் என்பதிலிருந்து அந்த இரவு எப்படிப் போகும் என்று கணித்துக்கொண்டு வாழ்கிற உடம்புக்கு அடங்க நேரமே கிடைப்பதில்லை. அவர் கையே ஓங்காத நாளிலும் உங்கள் உடம்பு அடிக்குத் தயாராகவே இருக்கிறது. சலங்கையை வைக்கும் விரல் நடுங்குவதும், கழுத்தும் தோளும் கல்லாக இறுகிக் கிடப்பதும், வயிறு ஒருநாள் கட்டி ஒருநாள் போவதும் இதனால்தான். ஆண்டுக்கணக்கில் போனால் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் கூடுவதற்கு இது துணைபோகும்.

அப்படியானால் நடிக்கிறீர்களா? இல்லை. நடிப்பவர்களுக்குத் தங்கள் மேல் சந்தேகம் வருவதில்லை. உங்களுக்கு வந்திருக்கும் அந்தச் சந்தேகமும் நடந்தவற்றின் விளைவே. அடிக்கிறவரே "உனக்கு ஒன்றுமில்லை" என்று சொல்லச் சொல்ல, தன் வலியைத் தானே நம்பாத நிலைக்கு மனம் வந்துவிடுகிறது. கணவரின் வன்முறைக்கு ஆளான பெண்களுக்கு மனச்சோர்வு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ இரு மடங்கு என்று உலக சுகாதார நிறுவனம் 2013-இல் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. எதிலும் பிடிப்பில்லாமை, காரணமில்லாத அழுகை, அந்த இரவுகள் கனவில் மறுபடி வருதல் இருந்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள். அவர் தரும் மனச்சோர்வு மாத்திரைகளுக்கு உடம்பு அடிமையாகாது. தூக்க மாத்திரையை மட்டும் கடையில் கேட்டு வாங்காதீர்கள். அது எளிதில் பழக்கமாகும், ஆபத்தான இரவில் நீங்கள் விழிக்க முடியாமலும் போகலாம். செத்துப்போய்விடலாம் என்ற எண்ணம் ஒருமுறையாவது வந்திருந்தால், மறைக்காமல் இன்றே யாரிடமாவது சொல்லுங்கள். 14416 என்ற எண்ணில் எந்நேரமும் மனநல ஆலோசகர் தமிழில் பேசுவார், கட்டணமில்லை.

உங்கள் தெருவில் உங்களுக்கு மட்டும்தான் இப்படி என்றும் எண்ண வேண்டாம். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் மணமான 18 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 100-க்கு 38 பேர் கணவரின் வன்முறையைச் சந்தித்திருக்கிறார்கள். நாட்டின் சராசரி 29. படிப்பிலும் மருத்துவத்திலும் முன்னே நிற்கும் மாநிலத்தின் எண் இது என்பது எனக்கு ஒவ்வொரு முறையும் வேதனை தருகிறது.

குடி பற்றி ஒரு வார்த்தை. குடிநோய்க்குச் சிகிச்சை இருக்கிறது, அவர் விரும்பி வந்தால் நிச்சயம் கொடுக்கலாம். குடி அடியின் கடுமையைக் கூட்டும் என்பதும் உண்மை. ஆனால் குடியை நிறுத்திய பின்னும் கைநீட்டுவதை நிறுத்தாதவர்கள் உண்டு. ஆகவே அவர் குடியை விடும்வரை உங்கள் சிகிச்சையையும் பாதுகாப்பையும் தள்ளிப்போடாதீர்கள். பெரியவர்களை வைத்து இருவரையும் எதிரெதிரே உட்கார வைத்துப் பேசும் பஞ்சாயத்துக்கும் இப்போது சம்மதிக்க வேண்டாம். அங்கே நீங்கள் வாய் திறந்து சொன்னதற்கெல்லாம் அன்றிரவு வீட்டில் பதில் கிடைக்கும். பயம் இருக்கும்வரை அந்தப் பேச்சில் உண்மை வெளிவராது.

இனி செய்ய வேண்டியது. மருத்துவமனைக்கு ஒருமுறை கணவர் இல்லாமல் போக வேண்டும். அக்கா, உங்களைப் போலவே பட்டறைக்கு வேலை செய்து கொடுக்கும் தோழி என யாரோடாவது, அவர் வேலைக்குப் போகும் நேரத்தில் போகலாம். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையானால் பொது மருத்துவம், மகப்பேறு, மனநலம் என எல்லாப் பிரிவுகளும் ஒரே இடத்தில் இருக்கின்றன. மருத்துவரிடம், "என் கணவர் சுவரில் தலையை மோதியிருக்கிறார், இரண்டு முறை கழுத்தை நெரித்தார், ஒருமுறை நினைவு தப்பியது, ஒன்றரை ஆண்டாகத் தலைவலி இருக்கிறது" என்று அப்படியே சொல்லுங்கள். பழைய சீட்டுகளையும் ஸ்கேன்களையும் எடுத்துப்போங்கள். புகார் கொடுத்தால்தான் சிகிச்சை என்று எந்த மருத்துவமனையும் சொல்ல முடியாது. புதிதாகக் காயம்பட்டுப் போகும்போது அவசரப் பிரிவில் ஆக்சிடென்ட் ரிஜிஸ்டரில் பதிவார்கள். கீழே விழுந்தேன் என்று சொல்லாமல் நடந்ததைச் சொன்னால் அதுவே எழுதப்படும், பின்னாளில் நீதிமன்றத்தில் அந்த ஏ.ஆர். காப்பி பேசும். இத்தகைய காயங்களுக்கு மருத்துவமனையிலிருந்து காவல் நிலையத்துக்குத் தகவல் போவது வழக்கம் என்பதையும் முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள்.

வீடு மாமியார் பெயரில் இருப்பதால் உங்களுக்கு அங்கே உரிமையே இல்லை என்று யாராவது சொல்லியிருந்தால், அது தவறு. 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் கூட்டாக வாழும் வீட்டில் மனைவி தங்கியிருக்கும் உரிமையைக் காக்கிறது. அந்த வீடு கணவரின் உறவினர் பெயரில் இருந்தாலும் இது பொருந்தும் என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. அவர் அடிக்கக் கூடாது, நெருங்கக் கூடாது என்ற உத்தரவை, விவாகரத்துக் கேட்காமலேயே பெற முடியும். கூலியையும் மகளிர் உரிமைத்தொகை வரும் ஏ.டி.எம். கார்டையும் பறித்து வைத்துக்கொள்வதும் இச்சட்டத்தில் வன்முறையே. மாவட்டச் சமூக நலத் துறையின் பாதுகாப்பு அலுவலர் இதற்கான அறிக்கையைத் தயாரித்து உதவுவார். பெண்களுக்கு வருமான வரம்பின்றி இலவச வழக்கறிஞரை மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு தரும். எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாவிட்டால் பெண்கள் உதவி எண்ணான 181-ஐ அழைத்துப் பேசுங்கள். அவர்கள் உங்களை, வன்முறைக்கு ஆளான பெண்களுக்கான ஒருங்கிணைந்த சேவை மையத்தோடு இணைப்பார்கள், சில நாட்கள் தங்கவும் அங்கே இடம் உண்டு. பேசி முடித்ததும் போனில் அந்த எண்ணை அழித்துவிடுங்கள்.

இரவில் ஆபத்து வந்தால் அம்மா வீட்டுக்குப் போய்விடலாம் என்று மனதில் வைத்திருப்பீர்கள். மலைக்கு மேலே போக அந்நேரத்தில் பஸ் இருக்காது, இரண்டு குழந்தைகளோடு கொண்டை ஊசி வளைவுகளில் யாருடைய வண்டியிலோ போவதும் பாதுகாப்பல்ல, அவர் முதலில் தேடப்போவதும் அங்கேதான். நடந்து போகும் தூரத்தில் கதவு திறக்கும் ஒரு வீட்டை இப்போதே பேசி வையுங்கள். ஆதார், குடும்ப அட்டை, வங்கிப் புத்தகம், குழந்தைகளின் பள்ளிச் சான்றுகள் ஆகியவற்றின் நகலும் கொஞ்சம் பணமும் அந்த வீட்டில் இருக்கட்டும். சண்டை மூளும்போது சமையலறையிலும் குளியலறையிலும் மாட்டிக்கொள்ளாமல் வாசல் பக்கம் நகர்ந்துவிடுங்கள். என்றாவது ஒருநாள் பிரிந்து போவதென்று நீங்களாக முடிவெடுத்தால், அதை அவரிடம் முன்கூட்டிச் சொல்லிவிட்டுக் கிளம்பாதீர்கள். பிரியப்போகும் நாட்களில்தான் ஆபத்து மிக அதிகம்.

கடைசியாக உங்கள் பெரிய மகள். படுக்கை நனைவது நின்றுபோய் மறுபடி தொடங்கியிருந்தால் முதலில் சிறுநீர்த் தொற்று, சர்க்கரை, மலச்சிக்கல் மூன்றையும் பார்க்க வேண்டும். அவை இல்லையென்றால் பயமே முதல் காரணமாக இருக்கும். குழந்தைகள் தூங்கிவிடுவதாக எழுதியிருக்கிறீர்கள். சுவருக்கு அப்பால் சத்தம் கேட்டதும் கண்ணை இறுக மூடிக்கொண்டு, தங்கையின் கையைப் பிடித்தபடி அசையாமல் படுத்திருக்கும் குழந்தையும் பார்ப்பவருக்குத் தூங்குவது போலத்தான் தெரியும். அவளைத் திட்டவோ, தங்கை முன்னால் பரிகாசம் செய்யவோ வேண்டாம். "நடப்பது எதற்கும் நீ காரணமில்லை" என்று தனியாக உட்கார வைத்துச் சொல்லுங்கள். அடி விழும்போது குறுக்கே வராமல் தங்கையோடு பக்கத்து வீட்டுக்குப் போக வேண்டும் என்றும், குழந்தைகள் உதவி எண்ணான 1098-ஐ அழைக்கலாம் என்றும் சொல்லிக்கொடுங்கள். அவளுக்கு மருந்து சொல்லுங்கள் என்று கேட்டீர்கள். பரிசோதிக்காமல் நான் எதையும் எழுதித் தருவது சரியல்ல, பயத்தைக் குறைக்க மாத்திரையும் இல்லை. நீங்கள் மருத்துவமனைக்குப் போகும் அன்றே அவளையும் அழைத்துச் சென்று, குழந்தைகள் நலப் பிரிவுக்கும் ஓர் ஓ.பி. சீட்டுப் போட்டுக்கொள்ளுங்கள்.